"நாளைக்கே கிளம்பணும்னா விடுவீங்களா?": பனியன் கம்பெனிக்குக் கொத்தடிமை ஒழிப்புக் கொள்கை எழுதும் விதம்

"அக்கா, பையர் மாடர்ன் ஸ்லேவரி பாலிசி கேக்குறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணுமாம். உங்க கம்பெனி பாலிசிய அனுப்பி விடுங்க, பேர மட்டும் மாத்திக்கிறோம்."

மாதம் ஒரு தடவையாவது எனக்கு இப்படிப் போன் வருகிறது. பையர் என்றால் நம்மிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம். அவிநாசி ரோட்டிலோ பல்லடம் பக்கமோ இருநூறு முந்நூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனியாக இருக்கும். கூப்பிடுவது எச்.ஆர். பையன், சில நேரம் முதலாளியின் மகள். நான் பாலிசியை அனுப்புவதில்லை. "சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, எப்படி எழுதறதுன்னு சொல்றேன்" என்பேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பதினேழு வருடமாகத் திருப்பூரில் கம்ப்ளயன்ஸ் வேலை, அதாவது தொழிலாளர் விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம். அங்கே பஸ்ஸில் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் ஸ்பின்னிங் மில் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். என் சித்தி மகள் 2006இல் அப்படி ஒரு மில்லில் சேர்ந்தாள். வயது பதினேழு. ஊருக்கு வந்த ஏஜெண்ட் நோட்டீஸ் கொடுத்தார்: மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக 35,000 ரூபாய், கல்யாணச் செலவுக்கு. சுமங்கலித் திட்டம் என்று பேர். மங்கலமான வேறு பேர்களிலும் இதே ஏற்பாடு ஓடியது. 31ஆம் மாதம் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சிளைப்பு வந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா நான்கு தடவை மில் வாசலுக்குப் போய்க் கேட்டார். "மூணு வருஷம் முடியலையே" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. மாதாமாதம் அவள் கூலியிலேயே பிடித்து வைத்த காசுதான் அந்த 35,000 என்பது இந்த வேலைக்கு வந்து கூலிக் கணக்கு படிக்கக் கற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் கொள்கை எழுத உட்காரும் யாருக்கும் முதலில் ஒரே கேள்வியைத்தான் எழுதிக் கொடுப்பேன். இந்த ஆள் நாளைக்கே வேலையை விட்டுக் கிளம்ப நினைத்தால் எது தடுக்கும்? பிடித்து வைத்த கூலியா, வாங்கிய அட்வான்ஸா, ஏஜெண்டிடம் பட்ட கடனா, மேனேஜர் மேஜையில் கிடக்கும் ஆதார் கார்டா, பூட்டிய கேட்டா, பயமா? ஒவ்வொரு தடைக்கும் ஒரு விதி எழுதுங்கள். கொள்கையின் முக்கால் பங்கு அதிலேயே முடிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

'நவீன அடிமைத்தனம்' என்பது பையர் மெயிலில் வரும் சொல். நமக்குக் கொத்தடிமை என்ற சொல் இருக்கிறது, அதற்கு 1976இல் இருந்து சட்டமும் இருக்கிறது. முன்பணமோ கடனோ கொடுத்து, அதைக் காட்டி ஒருவருடைய கூலியை, வேறு வேலைக்குப் போகும் உரிமையை, நடமாட்டத்தைப் பறித்தால் அது கொத்தடிமை முறை. மூன்று வருடம் வரை சிறை உண்டு. நம் முதலாளிகளிடம் நான் அழுத்திச் சொல்வது அதன் 15ஆவது பிரிவை. 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர் பொறுப்பு. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலையே அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்றது. சங்கிலி வேண்டாம், சவுக்கு வேண்டாம், வறுமையின் நெருக்கடியே போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பையர் ஏன் இப்போது கேட்கிறார்? பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 3.6 கோடி பவுண்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனம் ஆண்டுதோறும் இதைப் பற்றி அறிக்கை வெளியிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம், வரம்பு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டாய உழைப்பில் செய்த பொருளைத் துறைமுகத்திலேயே நிறுத்த அமெரிக்காவுக்கு 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அப்படிப்பட்ட பொருளைத் தடை செய்யும் சட்டம் இயற்றிவிட்டது, 2027 டிசம்பர் 14 முதல் அமல். இத்தனையும் சேர்ந்துதான் வெள்ளிக்கிழமை மெயிலாக உங்களிடம் வந்து நிற்கிறது.

முதல் வேலை: நூல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பாலிசி எழுத உட்காருவதற்கு முன்னால் கோடவுனுக்குப் போங்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது எங்கள் அக்கவுண்ட்ஸில் இருந்த நூல் சப்ளையர்கள் நான்கு பேர். கோடவுனில் மூட்டை மூட்டையாகப் புரட்டி, மூட்டையிலும் கோன் உள்ளேயும் ஒட்டியிருக்கும் மில் பேரைக் குறித்தேன். பதினோரு மில். பில் போட்டவர்களில் இருவர் ஏஜெண்டுகள். அவர்களுக்குப் பின்னால் இருந்த ஏழு மில்லை எங்கள் கம்பெனியில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு வெள்ளைத் தாளில் பஞ்சில் தொடங்கி பேக்கிங் வரை வரையுங்கள்: ஜின்னிங், ஸ்பின்னிங், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங். ஜாப் ஒர்க்குக்குத் துணி வெளியே போகும்போது டெலிவரி சலான் போடுகிறோம் அல்லவா, ஆறு மாதச் சலானை எடுத்து விலாசங்களைப் பட்டியல் போடுங்கள். உங்களுக்கே தெரியாத இரண்டு மூன்று ஷெட் அதில் தலைகாட்டும். ஆர்கானிக் ஆர்டர் செய்கிறவர்களுக்கு வேலை பாதி மிச்சம். ஒவ்வொரு லாட்டுக்கும் டி.சி. (ஆர்கானிக் சரக்கு கைமாறியதற்கான பரிவர்த்தனைச் சான்று) வாங்கியே பழகியிருப்பார்கள். பஞ்சு ஆர்கானிக்கா என்று பார்க்க லாட் நம்பரைப் பிடித்துக்கொண்டு மில் வரை போக முடிகிறவர்கள், அந்த நூலை நூற்ற பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கவும் அதே நம்பரைப் பிடித்துப் போகலாம்.

சங்கிலியில் பொருள் மட்டும் வருவதில்லை, ஆளும் வருகிறார்கள். லேபர் கான்ட்ராக்டர், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆள் அழைத்துவரும் ஏஜெண்ட், ஹாஸ்டல் நடத்துகிறவர், செக்யூரிட்டி ஏஜென்ஸி, இவர்களும் அந்தத் தாளில் ஏற வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் சிக்கலின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

பருத்திக் காடு வரை இன்றே போக உங்களால் முடியாது. கலப்பின விதைப் பருத்தித் தோட்டங்களில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கக் குழந்தைகளை இறக்குவது நாடறிந்த பிரச்சினை. இறக்குமதிப் பஞ்சில் சீனாவின் ஷின்ஜியாங் பிரச்சினை இருக்கிறது. அந்தப் பகுதிப் பொருள் எதையும் கட்டாய உழைப்பில் வந்ததாகவே கருதும் சட்டத்தை அமெரிக்கா 2022 ஜூனிலிருந்து அமல்படுத்துகிறது. அதனால் இறக்குமதிப் பேல்களுக்கு எந்த நாட்டுப் பஞ்சு என்ற கடிதத்தை மில்லிடம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். நேரில் போய்ப் பார்ப்பதை ஸ்பின்னிங் மில்லிலிருந்து தொடங்குங்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருப்பதைப் பார்க்காமல் இருக்க நமக்குச் சாக்கு கிடையாது.

விதிகளைத் தமிழில் எழுதுங்கள்

பையருக்கு இங்கிலீஷில் ஒன்று போகட்டும். ஆனால் மூலம் தமிழில் இருக்கட்டும், ஒரே பக்கம், எட்டாவது படித்தவர் வாசிக்கும்படி. இந்தியிலும் ஒடியாவிலும் அதன் நகல். "நிறுவனம் அனைத்து வகையான கட்டாய உழைப்பையும் வன்மையாகக் கண்டிக்கிறது" என்ற வரியை எழுதாதீர்கள். அதைப் படித்து யாரும் எதையும் மாற்றிக்கொள்ள முடியாது. நான் எழுதும் விதிகள் இந்த மாதிரி இருக்கும்:

"வேலைக்குச் சேர நீங்கள் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. ஏஜெண்ட் கமிஷன், ரயில் டிக்கெட், மெடிக்கல் செலவு கம்பெனியுடையது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் சொல்லுங்கள், 30 நாளுக்குள் திருப்பித் தருவோம்."

"ஆதார், பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, ரேஷன் கார்டு எதையும் யாரும் வாங்கி வைக்கக் கூடாது. பார்த்து, நகல் எடுத்து, உங்கள் கண்முன்னே திருப்பித் தர வேண்டும்."

ஏ.டி.எம். கார்டை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சம்பளம் வங்கியில் ஏறுகிறது என்று ரெக்கார்டு அழகாகக் காட்டும். கார்டும் பின் நம்பரும் கான்ட்ராக்டரிடம் இருக்கும். ஒரு டையிங் யூனிட்டில், அங்கேரிப்பாளையம் ரோட்டு ஏ.டி.எம். ஒன்றில், ஒரே ஆள் பன்னிரண்டு கார்டை அடுத்தடுத்துப் போட்டு எடுத்ததை அங்கே வேலை பார்த்த பையன்தான் என்னிடம் சொன்னான். பிறகு நான் அவர்களுடைய வங்கி ஸ்டேட்மெண்ட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு கணக்கிலும் ஒரே ஏ.டி.எம்., ஒரே தேதி, சில நிமிட இடைவெளி.

"கூலி மாதாமாதம் முழுதாக வரும். வருடக் கடைசியில், மூன்று வருடக் கடைசியில் தருகிறோம் என்று எதையும் பிடித்து வைக்க மாட்டோம்." போனஸ், கிராஜுவிட்டி, பி.எஃப். சட்டப்படி தனி. அவற்றைக் காட்டி மொத்தத் தொகைத் திட்டங்களை நியாயப்படுத்த இடம் தராதீர்கள்.

அட்வான்ஸ் பற்றி எழுதும்போது முதலாளிகளிடம்தான் அதிகம் வாதாட வேண்டியிருக்கும். "அட்வான்ஸ் இல்லாம எந்த ஆளு வருவான்?" என்பார்கள். குமாரபாளையம், பள்ளிப்பாளையம் விசைத்தறிக் கூடங்களில் அட்வான்ஸ் எப்படி ஒரு குடும்பத்தை வருடக்கணக்கில் கட்டிப்போட்டது என்பது இந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. ஓர் உரிமையாளரிடம் பட்டதை அடைக்க அடுத்தவரிடம் வாங்குவார்கள். தறி மாறும், கடன் மாறாது. நான் அட்வான்ஸே கூடாது என்று எழுதுவதில்லை. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட ஜூன் மாதம் பணம் வேண்டும்தானே. இப்படி எழுதுவேன்: ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கிடையாது, வட்டி கிடையாது, எழுத்தில் இருக்கும், மாதத் தவணை சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. அப்புறம், எல்லாவற்றையும் விட முக்கியமான வரி: "பாக்கி இருக்கிறது என்பதற்காக உங்களைப் போக விடாமல் நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை."

மிகைநேரத்தைப் பொறுத்தவரை, ஒன்றரை ஷிஃப்ட் என்பது திருப்பூரின் மூச்சு மாதிரி ஆகிவிட்டது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை. விருப்பப்பட்டவர் பார்க்கலாம், மாட்டேன் என்றவரை மறுநாள் கேட்டில் நிறுத்தி வைக்கக் கூடாது, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. இவ்வளவு போதும்.

விடுதி வைத்திருக்கும் மில் என்றால் தனி விதிகள் வேண்டும். 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி பெண்கள் விடுதிக்குப் பதிவும் உரிமமும் கட்டாயம், உரிமத்தைக் கண்ணால் பாருங்கள். வேலை நேரம் போக மற்ற நேரம் வெளியே போக வர யார் கையெழுத்தும் தேவைப்படக் கூடாது. போன் அவரவர் கையில் இருக்க வேண்டும். "பொம்பளப் புள்ளைங்க, பாதுகாப்புக்காகத்தான் மேடம் பூட்டுறோம்" என்று வார்டன் நல்லெண்ணத்தோடேயே சொல்வார். பெற்றவர்களும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அவரிடம் நான் பொறுமையாகச் சொல்வேன்: "அம்மா, ராத்திரி வெளி ஆள் உள்ள வராம இருக்கத்தான் பூட்டு. உள்ள இருக்கிற பொண்ணு கேட்டா தொறக்கணும். சாவி யார்கிட்ட இருக்கு, கேட்டா எத்தன நிமிஷத்துல தொறப்பீங்க?"

கடைசி விதி கிளம்புவதைப் பற்றியது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கச் சொல்கிறது. "சொல்லாம போயிட்டாங்க, அதனால சம்பளம் நிக்குது" என்பது நம் ஊரில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. அதை உங்கள் கொள்கையிலேயே மறுத்துவிடுங்கள். பார்த்த நாளுக்கான கூலி, எப்படிப் போனாலும் அவருடையது.

வயதுக்கு ஒரு குறிப்பு. சட்டப்படி 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது, 18 வரை ஆபத்தான வேலை கூடாது. பெரும்பாலான ஏற்றுமதி கம்பெனிகள் 18 என்றே வைத்திருக்கிறோம். ஆதாரை மட்டும் நம்பாமல் பள்ளிச் சான்றையும் பாருங்கள். சிறு வயதுப் பிள்ளை அகப்பட்டால் பதறிப்போய் அன்று மாலையே விரட்டிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை நேராக இன்னும் மோசமான ஓர் இடத்துக்குத்தான் போகும். சம்பளத்தை முடித்துக் கொடுத்து, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லி, வீட்டுக்குத் தகவல் தெரிவித்து, பள்ளியில் சேரும்வரை உதவித்தொகை கொடுத்து, முடிந்தால் அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுப்பது வரை கொள்கையிலேயே எழுதி வையுங்கள். பிறகு யோசிக்கலாம் என்றால் அந்த நேரத்துக்கு யாருக்கும் யோசனை வராது.

பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட்டையும் கட்டுப்படுத்துங்கள்

எச்.ஆர். ரூமில் எழுதிய கொள்கையைப் பர்ச்சேஸ் ரூமில் ஒரே போனில் உடைத்துவிடலாம். "கிலோவுக்கு நாலு ரூபா குறைங்க, இல்லன்னா வேற மில்லு பாத்துக்கிறோம்" என்று பேசிவிட்டு, அதே மில்லுக்கு நல்லொழுக்க விதிகளைக் கையெழுத்துக்கு அனுப்புவது என் மனசுக்கு ஒப்பாத காரியம். அந்த நாலு ரூபாயை மில் மின்சாரத்தில் குறைக்க முடியாது, பஞ்சில் குறைக்க முடியாது. எங்கே குறைக்கும் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே மூன்றை எழுதுங்கள். ஜாப் ஒர்க் ரேட் பேசும்போது கூலி எவ்வளவு என்று தனியாக எழுத வேண்டும், அது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போனால் ஆர்டர் போகாது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதைக் கடைப்பிடிப்போம். நூறு நாள் கடன் சொன்னால் அவர்கள் ஆளுக்கு எப்படிச் சம்பளம் போடுவார்கள்? ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது கலரோ அளவோ மாறினால், அதற்கான நாளைப் பையரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவோம். பையரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். கொள்கை கேட்டு மெயில் அனுப்பியவர் அவர்தான். அந்த மெயிலுக்குப் பதிலாகவே கேளுங்கள்.

பார்க்கப் போகும்போது

ஆடிட் தேதி சொல்லிவிட்டுப் போனால் மேஜை விரிப்பு புதிதாக இருக்கும், பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். நான் முதலில் ரெக்கார்டுகளை ஒன்றோடொன்று முட்டவிடுவேன். அட்டெண்டன்ஸில் ஞாயிறு விடுமுறை. ஸ்பின்னிங்கில் ஷிஃப்ட் வாரியாக எத்தனை கிலோ இறங்கியது என்ற ப்ரொடக்‌ஷன் ரிப்போர்ட்டில் அதே ஞாயிறு ஓடியிருக்கும். மெஸ்ஸில் எத்தனை பேருக்கு அரிசி போட்டார்கள், கேட் ரிஜிஸ்டரில் எத்தனை பேர், மஸ்டரில் (ஆள் வருகைப் பதிவேட்டில்) எத்தனை பேர் என்று பாருங்கள். பொய்யை ஒரு நோட்டில் எழுதலாம், நான்கு நோட்டில் ஒத்துப்போகும்படி எழுதுவது கஷ்டம். ஒரு மில்லில் ஹாஸ்டல் அவுட்பாஸ் நோட்டைப் புரட்டினேன். எட்டு மாதத்துக்கான பக்கங்கள். கையெழுத்துப் போட்ட பெண்கள் நூற்றுக்கு மேல், ஆனால் எழுத்து ஒன்று, பேனா மை ஒன்று. அன்று நான் வேறு எதையும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்த ஊர்ச் சந்தைக்குப் போய் நின்றேன். ஹாஸ்டல் பெண் ஒருவரைக்கூட அங்கே பார்க்கவில்லை.

பேச வேண்டியது மேனேஜர் அறையில் இல்லை. பஸ் ஸ்டாப்பில், கோயில் திண்ணையில், முடிந்தால் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்களை அவர்கள் ஊரிலேயே பாருங்கள். "உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் வரும். பயம் மட்டும் காரணமில்லை, மானமும் காரணம். நான் கேட்பவை வேறு. தீபாவளிக்கு எத்தனை நாள் ஊருக்குப் போனீங்க? கடைசியா வேலையை விட்டுப் போனது யாரு, எப்படிப் போனாங்க, கணக்கு முடிச்சுக் குடுத்தாங்களா? காய்ச்சல் வந்தா யார்கிட்ட சொல்வீங்க, அன்னைக்குக் கூலி உண்டா? ஊர்ல இருந்து கிளம்பும்போது யார்கிட்ட எவ்வளவு கடன் வாங்கினீங்க? இந்தக் கடைசிக் கேள்வியை வடமாநிலத் தொழிலாளர்களிடம் அவர்கள் மொழி பேசும், அவர்களுடைய கான்ட்ராக்டருக்குச் சொந்தமில்லாத ஆளை வைத்துக் கேளுங்கள். மொழிபெயர்க்கக் கான்ட்ராக்டரையே நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பேட்டி எடுத்ததற்கு அர்த்தமே இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குப் பதினொரு அடையாளங்கள் சொல்கிறது. ஏமாற்று, நடமாட்டத் தடை, தனிமைப்படுத்தல், மிரட்டல், ஆவணம் பறிப்பு, கூலி நிறுத்தம், கடன் பிணை, அளவு கடந்த வேலை நேரம் எல்லாம் அதில் வரும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்காதீர்கள். பேசிவிட்டு வந்து, வண்டியில் உட்கார்ந்து, கேட்டவற்றை அதனோடு பொருத்திப் பாருங்கள்.

புகார் எங்கே போகும்

சி.சி.டி.வி.க்குக் கீழே மாட்டிய புகார்ப் பெட்டியில் யார் சீட்டுப் போடுவார்? ஒரு போன் எண் கொடுங்கள். எடுப்பவர் மில்லுக்கும் கான்ட்ராக்டருக்கும் சம்பந்தமில்லாதவராக, முடிந்தவரை பெண்ணாக இருக்கட்டும். 48 மணி நேரத்துக்குள் பதில், புகார் சொன்னவரின் பேர் வெளியே போகாது, வேலைக்கு ஆபத்து வராது என்று எழுதுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தலுக்கான உள்ளகக் குழு கட்டாயம். அதில் பாதிக்குக் குறையாமல் பெண்களும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும். அந்த வெளி உறுப்பினரின் பேரைத் தொழிலாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் குழு காகிதத்தில்தான் இருக்கிறது.

தொழிற்சங்கத்தைப் பற்றிச் சொன்னால் பல முதலாளிகள் முகம் சுருங்கும். 2021இல் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், உற்பத்தி நிறுவனம், பிராண்ட் எல்லாம் அதில் உண்டு. அதன் உயிர்நாடி தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களை லைனுக்குள் வைத்தது. வருடத்துக்கு ஒரு தடவை வரும் என்னைப் போன்றவர் பார்ப்பதை விட, தினமும் அந்த மெஷினில் உட்காரும் பெண் பார்ப்பது நூறு மடங்கு. இதை நான் என் வேலையை வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

கண்டுபிடித்துவிட்டால்

பயந்துபோய் அந்த மில்லோடு கணக்கை வெட்டிக்கொள்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நூல் நின்றால் முதலில் தெருவில் நிற்கப்போவது அந்தப் பெண்கள்தான், பிடித்து வைத்த கூலியும் போய்விடும். அதனால் வரிசையை எழுதி வையுங்கள். முதலில் பாதிக்கப்பட்டவரிடம் பேசி, அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா, என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் எந்த அடியும் எடுத்து வைக்காதீர்கள். கடனைக் காட்டி அடைத்து வைத்தது போன்ற தெளிவான கொத்தடிமை என்றால், கம்பெனிக்குள்ளேயே பேசி முடிக்கிற விஷயமில்லை. கலெக்டரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ (ஆர்.டி.ஓ.) போக வேண்டும். அவர்கள் தரும் விடுதலைச் சான்று கிடைத்தால் கடன் சட்டப்படி செத்துப்போகும், மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உதவியும் உண்டு. சான்று இல்லாமல் ஊருக்கு அனுப்பினால் அடுத்த வாரம் அதே ஏஜெண்ட் வீட்டு வாசலில் நிற்பார்.

மற்ற குறைகளுக்கு மில்லோடு உட்கார்ந்து தேதி போடுங்கள். கமிஷனும் பிடித்து வைத்த கூலியும் 30 நாளில் திரும்ப வேண்டும், விடுதி மாற்றங்கள் 90 நாளில். பணம் கணக்கில் ஏறியதைப் பெண்களிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். மில் ஒத்து வந்தால் ஆர்டரைக் கூட்டிக் கொடுங்கள், அதையும் கொள்கையில் எழுதுங்கள். ஒத்தே வராத இடத்தில், தொழிலாளர்களின் பாக்கி முழுதும் முடிந்த பிறகு விலகுங்கள்.

ஆண்டறிக்கையில் "எங்கள் சங்கிலியில் இத்தகைய சம்பவம் எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். நான் எழுதுவதில்லை. எத்தனை மில் பார்த்தோம், எத்தனை இடத்துக்குப் போகவே இல்லை, என்ன கண்டோம், எவ்வளவு திருப்பிக் கொடுக்க வைத்தோம், எது இன்னும் பாக்கி என்று எழுதுவேன். முதல் வருடம் எங்கள் முதலாளி அதில் கையெழுத்துப் போட இரண்டு வாரம் யோசித்தார். பையரிடமிருந்து வந்தது ஆர்டர் ரத்து இல்லை, அடுத்த ஐந்து மில்லுக்குப் போகச் செலவில் பாதி நாங்கள் தருகிறோம் என்ற பதில்.

வெள்ளிக்கிழமை மெயிலுக்கு வருவோம். அதற்குள் முழுக் கொள்கை எழுத முடியாது, எழுதியதாகக் காட்டவும் வேண்டாம். மூட்டைகளைப் புரட்டிப் போட்ட மில் பட்டியல், தமிழில் ஒரு பக்க விதிகள், முதல் மில்லுக்குப் போகும் தேதி, இந்த மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். போன் எண் அச்சிட்ட தாளை ஆபீஸ் சுவரில் ஒட்டாமல் மெஸ்ஸிலும், பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு வரும் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, உங்கள் நம்பர் தெரியாத வேறொரு போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். எத்தனை ரிங்கில் எடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எடுத்ததும், "அக்கா, நான் ஹாஸ்டல்ல இருந்து பேசறேன், எனக்கு ஊருக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள்.